46 என்று ஒரு சீட்டு

அன்புள்ள மாப்ளே,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடு, ஒரு மாதத்துக்கு அடுப்படிப் பக்கம் விடாதே. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. நீ கேட்டிருந்த அதே விஷயத்தில்தான் நானும் மாட்டிக்கொண்டிருந்தேன்: வைஃபையில் பேச்சு ஏன் உடைகிறது?

ஒரு மருத்துவமனையில் நர்ஸ்களுக்கு வைஃபை போன் கொடுத்திருக்கிறார்கள். காலை 10 மணி ஆனால் குரல் துண்டு துண்டாக வருகிறது. "ஸ்பீடு பத்தலை சார், பெரிய லைனா போட்டுடலாம்" என்றார் மேலாளர். குரலுக்கு எதற்குப் பெரிய லைன்? குரலை எண்ணாக்கும் ஜி.711 முறையில் பேச்சுக்கு நொடிக்கு 64 கிலோபிட். மேலே ஒட்டும் முகவரிச் சுமையைச் சேர்த்தாலும் 100ஐத் தொடாது. 20 மில்லிநொடிப் பேச்சுக்கு ஒரு குட்டி பாக்கெட், அதாவது ஒரு சின்னத் தகவல் பொட்டலம், அவ்வளவுதான். ஆனால் அது நேரத்துக்கு வந்தாக வேண்டும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிநொடியை நன்றாகத் தாண்டினால், இரண்டு பேரும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழ ஆரம்பிப்பார்கள்.

வைஃபையில் யார் எப்போது பேசலாம் என்று கை காட்டும் போலீஸ்காரர் கிடையாது. காற்று காலியா என்று ஒவ்வொரு கருவியும் காது கொடுத்துக் கேட்டு, கொஞ்சம் பொறுத்து, ஒரு எண்ணை உருட்டிப் பார்த்து, அத்தனை இடைவெளி இன்னும் காத்திருந்துதான் பேசும். வைஃபை விதிமுறைக்கு (அதன் பெயர் 802.11) 2005இல் வந்த 802.11இ திருத்தம் இதில் நான்கு வரிசை வைத்தது: குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி. ரவுட்டரில் டபிள்யூ.எம்.எம். என்று பார்ப்பாயே, அது இதுதான். காற்று அடங்கியதும் குரல் வைத்திருக்கும் போன் 2 இடைவெளி பொறுத்து, 0 முதல் 3க்குள் ஒரு எண் எடுக்கும். சாதாரண வரிசை 3 இடைவெளி பொறுத்து, 0 முதல் 15க்குள் எடுக்கும். ஓர் இடைவெளி 9 மைக்ரோநொடி. ஆக, இது தாயக்கட்டையைக் குரலுக்குச் சாதகமாகச் செதுக்கி வைத்ததுதான். ஆம்புலன்ஸுக்கு வழி விடுவது மாதிரி என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள், அப்படி இல்லை. சில சமயம் சாதாரண டவுன்லோடும் ஜெயித்துவிடும். எல்லாவற்றையும் குரல் வரிசையில் தள்ளினாலோ இன்னும் மோசம், ஒரே எண்ணை எடுத்து மோதிக்கொண்டே இருக்கும்.

சரி, மருத்துவமனைக்கு வருகிறேன். நர்ஸ் பேசுவது எதிர்முனையில் தெளிவாகக் கேட்டது. எதிர்முனை பேசுவதுதான் நர்ஸுக்கு உடைந்தது. இதைக் கவனிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது, வெட்கமாகத்தான் இருக்கிறது. குரல் பாக்கெட்டில், எவ்வளவு அவசரம் என்று சொல்லும் டி.எஸ்.சி.பி. என்ற சீட்டில் 46 என்று எழுதியிருக்கும். இரும எண்ணில் 101110. அங்கிருந்த ஆக்சஸ் பாயிண்ட், அதாவது போன்களுக்கு வைஃபை கொடுக்கும் பெட்டி, முதல் மூன்று பிட்டை மட்டும் பார்த்தது. 101 என்றால் 5. வைஃபையில் 5 என்பது வீடியோ வரிசை. குரலுக்கு 6, 7தான். போன் தன் பாக்கெட்டைச் சரியான வரிசையில் போட்டது. ஆக்சஸ் பாயிண்ட் போனுக்கு அனுப்பியதெல்லாம் வீடியோவோடு வீடியோவாக நின்றது. 46ஐ 6க்குக் கொண்டு போ என்று 2018இலேயே ஆர்.எஃப்.சி. 8325 என்ற இணையத் தரநிலை ஆவணம் சொல்லிவிட்டது. ஒரே ஒரு வரி மாற்றம். பெரிய லைன் செலவு மிச்சம், ஆனால் மேலாளருக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம்தான்!

உன் வீட்டுக் கதை வேறு. வெளியிலிருந்து வரும் பாக்கெட்டில் அந்தச் சீட்டைப் பெரும்பாலும் வழியிலேயே அழித்துவிடுவார்கள், அதனால் டபிள்யூ.எம்.எம். பெரிதாக உதவாது. அதற்காக யாரோ சொன்னார்கள் என்று அதை அணைத்து வைக்காதே, 802.11என் என்ற வைஃபை தலைமுறை முதல் வந்த வேகமெல்லாம் அதை நம்பித்தான் இருக்கிறது, அணைத்தால் 54 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். ராத்திரி 9 மணிக்கு மட்டும் உடைகிறது என்று எழுதியிருந்தாய். மகன் காலேஜிலிருந்து வந்து போனை சார்ஜில் போடும் நேரம்தானே அது? போட்டோ பேக்கப் மேலே ஏறி, பிராட்பேண்ட் வாசலிலேயே வரிசை கட்டி நிற்கும் என்பது என் சந்தேகம். காற்றில் இல்லை நெரிசல். ஒரு நாள் பேக்கப்பை நிறுத்திவிட்டுப் பேசிப் பார். சரியானால், ரவுட்டரில் மேலேற்றும் வேகத்துக்கு லைன் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாக வரம்பு வை.

டிவியைக் காற்றிலிருந்து இறக்கிக் கேபிளில் போட்டாலும் நல்லது. என்னிடம் 15 மீட்டர் மிச்சம் கிடக்கிறது, பொங்கலுக்கு வரும்போது எடுத்து வருகிறேன். ஆணி அடிக்கிற வேலை உன்னுடையது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்