விசில் சத்தம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ டப்ளினிலிருந்து அனுப்பிய ஹெலிகாப்டர் படத்தைப் பார்த்ததும் "நம்ம சேதக்!" என்று கத்திவிட்டேன். "நம்ம வீட்டு வாசல்ல எப்ப நின்னுச்சு?" என்றாள் உன் அம்மா. அவள் கோபம் நியாயம்தான், பாதி நாள் நான் மெக்கானிக்காக அதோடுதான் இருந்தேன்.

படத்தில் இருப்பது அலுவெத் 3. பிரான்சில் 1959-ல் முதன்முதலாகப் பறந்தது. பெயருக்கு வானம்பாடி என்று அர்த்தம். 1962-ல் உரிமம் வாங்கி, நம் அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல். இங்கேயே கட்டியபோது, சேதக் என்று ராணா பிரதாப்பின் குதிரைப் பெயரைச் சூட்டினார்கள். அரக்கோணம் ராஜாளி கடற்படை விமானத் தளத்தில் பையன்கள் ஓட்டப் பழகியது இதில்தான்.

வானம்பாடி பாடாது, விசிலடிக்கும். ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் வீலென்று அலறும். தலைக்கு மேல் மூன்று பிளேடும் அசையாமல் தொங்கும். கிளட்ச் பிடித்த பிறகுதான் சோம்பலாகச் சுற்ற ஆரம்பிக்கும். என் வலது காது போனது அந்த விசிலில்தான்.

சின்ன வயதில் உனக்கு மலைக்கதைதான் சொல்லுவேன், ஞாபகமிருக்கிறதா? 1960-ல் ஏழு பேரோடு ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங் சிகரத்தில், 4,810 மீட்டரில் இறங்கியது. அதே வருஷம் நம் இமயமலையில் 6,000 மீட்டரையும் பார்த்துவிட்டது. 870 குதிரைத்திறன் தரக்கூடிய இன்ஜினை 570-க்கு அடக்கி வைத்திருந்தார்கள். காற்று மெலிந்த இடத்திலும் மூச்சு வாங்காததற்கு அதுதான் காரணம். அயர்லாந்துக்காரர்கள் 1963 முதல் 2007 வரை விடாமல் வைத்திருந்தது சும்மா இல்லை. கடலிலும் மலையிலும் எத்தனை பேரைத் தூக்கியிருக்கும்!

ஆனால் உன்னோடு வேலை பார்க்கும் ஜிம்பாப்வே பெண் சொன்னதாக எழுதியிருந்தாயே, இந்தச் சத்தம் கேட்டாலே அவள் பாட்டி புதருக்குள் ஓடி ஒளிவார் என்று. அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. அந்தப் பாட்டி சொன்னது உண்மைதான். 1970-களில், ஜிம்பாப்வே ரொடீசியாவாக இருந்தபோது, அதை ஆண்ட வெள்ளையர்களின் படை நான்கு நான்கு பேராக இதில்தான் ஆள் இறக்கியது. இன்னொன்று 20 மி.மீ. பீரங்கியோடு மேலே வட்டமடித்துக்கொண்டே சுடும். தேடியது கெரில்லாப் போராளிகளை, செத்ததில் ஊர்க்காரர்களும் உண்டு. அங்கோலாவிலும் மொசாம்பிக்கிலும் போர்ச்சுகல்காரர்கள் செய்ததும் இதேபோலத்தான்.

வங்கதேச விடுதலைப் போரில் கதை வேறு. நம் நாகாலாந்தின் திமாப்பூரில் பயிற்சி எடுத்த வங்காள விமானிகள் 1971 டிசம்பர் 3 இரவு இதில் ராக்கெட் கட்டிக்கொண்டு போய் நாராயண்கஞ்ச் எண்ணெய்க் கிடங்கைக் கொளுத்தினார்கள். அவர்கள் சண்டை தங்கள் மண்ணுக்காக. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசு வராது.

இதையெல்லாம் உனக்கு நான் சொன்னதே இல்லை. ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மலைக்கதைதான் வாயில் வரும்.

அந்தப் பெண்ணிடம் ஒன்று கேட்கலாமா என்று தோன்றியது: பாட்டிக்கு முதலில் கேட்டது விசிலா, பிளேடு சத்தமா? மெக்கானிக் புத்தி. வேண்டாம், கேட்காதே. பாட்டி இருக்கிறாரா, நன்றாக இருக்கிறாரா என்று மட்டும் விசாரி.

குளிருக்குக் காதை மூடிக்கொள்.

அன்புடன்,
அப்பா