வடக்கே போன மறுமலர்ச்சியும் வடக்கிலிருந்து வந்ததும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வெளியான ஐரோப்பிய மறுமலர்ச்சி (பழைய கிரேக்க, ரோமானியக் கலையும் கல்வியும் புத்துயிர் பெற்ற காலம்) பற்றிய கட்டுரையை இருமுறை படித்தேன். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரையும் அங்கே வங்கி நடத்திய மெடிசி குடும்பத்தையும் பற்றி அத்தனை நிறைவாக எழுதிய கட்டுரையாளர், ஐரோப்பாவின் வடநாடுகளுக்கு மறுமலர்ச்சி பரவிய வரலாற்றை ஒரே வரியில் முடித்துவிட்டார். பள்ளியில் பல்லாண்டு வரலாறு நடத்தியவன் என்பதால் அந்த வரியை அப்படியே கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

பரவியது என்று மட்டும் சொன்னால், மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் பாய்ந்ததாகவே மாணவர்கள் எண்ணிக்கொள்வார்கள். உண்மையில் இருபுறமும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகரில் இத்தாலிய வணிகர்கள் பலர் குடியிருந்தனர். அந்நகரத்து ஓவியர் யான் வான் ஐக் 1434இல் வரைந்த அர்னோல்பினி ஓவியத்தில் நிற்பவரே இத்தாலியின் லூக்கா நகரத்து வணிகர்தான். அவருக்குப் பின்னால் சுவரில் மாட்டிய சிறு வட்டக் கண்ணாடிக்குள் அறை முழுவதும், வாசலில் நிற்கும் இருவர் உட்பட, தெரிகிறது. எண்ணெய் வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாக அடுக்கி இத்தனை நுணுக்கம் காட்டும் கைத்திறனை இத்தாலியர்கள் வியந்து கற்றார்கள். மெடிசி வங்கியின் புரூஜ் முகவரான தொம்மாசோ போர்த்தினாரி, ஹியூகோ வான் டெர் கூஸ் என்ற ஓவியரிடம் வரையச் சொன்ன பெரிய பலிபீட ஓவியம் (தேவாலயப் பீடத்தின் மேல் வைப்பது) 1483இல் பிளாரன்ஸ் வந்து சேர்ந்தது. அதிலுள்ள, வெயிலில் காய்ந்த முகம் கொண்ட ஆட்டிடையர்களின் சாயலை, இரண்டே ஆண்டுகளில் பிளாரன்ஸ் ஓவியர் கிர்லாந்தாயோவின் படத்தில் காணலாம்.

படங்களும் எண்ணங்களும் ஊர் ஊராகச் சென்றதற்கு அச்சுக்கலையே பெருங்காரணம். என் தந்தையார் மதுரையில் சிறிய அச்சகம் வைத்திருந்தார். திருமண அழைப்பிதழுக்கான பிள்ளையார் பிளாக்கை (படம் செதுக்கிய அச்சுக்கட்டையை) சிறுவயதில் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். கோடுகள் மட்டும் மேலெழுந்து நிற்க, துதிக்கை நேர் எதிர்ப்பக்கம் வளைந்திருக்கும். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் மரச்செதுக்குப் படங்களும் இந்த முறையில் அச்சானவைதாம். பொற்கொல்லரின் மகனான அவருக்கு ஞானத்தந்தையாக இருந்தவர் அந்நகரின் பெரிய அச்சகத்தாரான அன்டோன் கோபெர்கர். இத்தாலிய ஓவியரான மாந்தேனாவின் அச்சுப்படங்களைப் பார்த்து வரைந்து பழகிய டியூரர், பிறகு வெனிசுக்கும் சென்று வந்தார். அவருடைய படங்களையோ இத்தாலியரான மார்க்கந்தோனியோ ரைமொந்தி, கையொப்ப முத்திரை உட்பட நகலெடுத்தார்.

நம் நாட்டோடு தொடர்புடைய படமும் ஒன்று உண்டு. குஜராத் சுல்தான் அளித்த காண்டாமிருகத்தைப் போர்த்துகீசியர் கோவாவிலிருந்து கப்பலேற்ற, அது 1515 மே மாதம் லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. டியூரர் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. லிஸ்பனிலிருந்து வந்த கோட்டுப்படத்தையும் விவரக் குறிப்பையும் கொண்டே, உடலில் இரும்புக் கவசம் பூட்டியதுபோலவும் தோளில் ஒரு குட்டிக் கொம்பு முளைத்ததுபோலவும் வரைந்தார். விலங்கு மறு ஆண்டே இத்தாலிக்குப் போகும் வழியில் கப்பல் உடைந்து மாண்டது. தாளில் அச்சான உருவமோ ஐரோப்பா முழுவதும் சுற்றியது.

பிரான்சு மன்னர் முதலாம் பிரான்சுவா இத்தாலிய ஓவியர் லியனார்டோ டா வின்சியை 1516இல் தம்மிடம் அழைத்துக்கொண்டது பலரும் அறிந்த செய்தி. அதே ஆண்டில் நெதர்லாந்து அறிஞர் எராஸ்மஸ் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்தோடு அச்சிட்டார் என்பதையே நான் அதைவிடப் பெரிதாகக் கருதுகிறேன். இத்தாலியர் பழைய கவிஞர்களையும் தத்துவ ஞானிகளையும் தேடிய அதே மூலபாட ஆராய்ச்சி (பழைய சுவடிகளை ஒப்பிட்டுச் சரியான பாடத்தைத் தேடுவது), வடக்கே வேதநூலின் பக்கம் திரும்பியது. எராஸ்மஸ் நூலின் இரண்டாம் பதிப்பை வைத்துக்கொண்டுதான் கிறித்தவச் சீர்திருத்தவாதியான மார்ட்டின் லூதர் 1522இல் புதிய ஏற்பாட்டின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை வெளியிட்டார்.

எனவே வடநாடுகளைப் பற்றித் தனிக்கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊர் நூலகத்தில் போட்டித்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தங்கள் இணைப்பிதழைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காக அந்தக் காண்டாமிருகத்தைப் பக்க அகலத்துக்கு அச்சிடுங்கள். சிறிதாகப் போட்டால் செதுக்கிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி மை அப்பியதுபோல் ஆகிவிடும்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.