பந்தும் கத்தியும் தமிழில் வேண்டும்

இலங்கையில் சட்டக் கல்வியை நடத்தும் பெரியோர்களுக்கு,

வணக்கம். சிலர் பந்து விளையாடுகிறார்கள். பக்கத்தில் ஒரு சவரத் தொழிலாளி ஓர் அடிமைக்கு முகம் மழித்துக்கொண்டிருக்கிறார். வேகமாக வந்த பந்து அவர் கையில் பட்டு, கத்தி அடிமையின் கழுத்தை அறுத்துவிடுகிறது. இழப்பீடு யார் கொடுப்பது? பந்தை அடித்தவரா? விளையாட்டு நடக்கும் இடத்தில் நாற்காலி போட்ட தொழிலாளியா? அபாயமான இடமென்று தெரிந்தும் கழுத்தைக் கொடுத்தவன் தன்னையே நொந்துகொள்ள வேண்டும் என்ற வாதத்தையும் உரோமச் சட்ட அறிஞர் உல்பியன் விட்டுவைக்கவில்லை.

கி.பி. 533இல் உரோமப் பேரரசர் ஜஸ்டீனியன் வெளியிட்ட, சட்ட அறிஞர்களின் எழுத்துகளைத் திரட்டிய டைஜெஸ்ட் தொகுப்பில், பிறருக்கு விளைவித்த சேதத்துக்கு ஈடு கேட்கும் அக்குவிலியச் சட்டத்தின் கீழ் இது வருகிறது. கவனக்குறைவுக்கு நட்டஈடு கேட்டு நம் நீதிமன்றங்களில் இன்றும் தொடுக்கும் வழக்குக்கும் அதே பெயர்தான். ஒல்லாந்தர் இங்கே கொண்டுவந்த உரோம-ஒல்லாந்துச் சட்டத்தை ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் தொடரவிட்டனர். ஒல்லாந்திலோ 1809இல் புதிய சட்டக்கோவை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பிறந்தகத்தில் இல்லாதது இங்கே உயிரோடு இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை வாய்திறக்காத இடத்தில் நாம் போய் நிற்பதும் அதன் வாசலில்தான்.

தமிழ்மொழி மூலம் படித்த நான் தவறு, கவனக்குறைவு என்று பொருள்படும் ‘குல்ப்பா’ என்ற இலத்தீன் சொல்லை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினேன். அதற்குப் பின்னால் இருந்த பந்தையும் கத்தியையும் எனக்கு எவரும் காட்டவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஆங்கிலத்தில் அவற்றைப் படித்த இரவில் மகிழ்ச்சியைவிடக் கோபமே மிகுந்தது. இவ்வளவு தெளிவான கதையை ஏன் என் மொழியில் தரவில்லை?

உரோமச் சட்டம் மொழி மாறி மாறியே வாழ்ந்திருக்கிறது. ஜஸ்டீனியன் காலத்திலேயே பேராசிரியர் தியோபிலஸ், மாணவர்களுக்கான இன்ஸ்டிடியூட்ஸ் என்ற இலத்தீன் சட்டப் பாடநூலைக் கிரேக்கத்தில் விரித்து எழுதினார். லூவஸ்டைன் கோட்டையில் சிறையிருந்த ஒல்லாந்துச் சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸ், ஒல்லாந்துச் சட்ட அறிமுகத்தை அறிஞர்களின் இலத்தீனில் எழுதவில்லை. தம் மக்கள் பேசிய மொழியில் எழுதினார். அது 1631இல் அச்சேறியது.

டைஜெஸ்டின் ஐம்பது புத்தகங்களையும் நான் கேட்கவில்லை. ஒன்பதாம் புத்தகத்தின் இரண்டாம் தலைப்பு மட்டும் போதும். அக்குவிலியச் சட்டத்தை விளக்கும் பகுதி அதுதான். இலத்தீன் அறிந்தவர், வழக்காடிப் பழகியவர், நல்ல தமிழ் எழுதுபவர் மூவரும் ஒரே மேசையில் அமர்ந்து, நம் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை அடிக்குறிப்பில் சேர்த்து அதை மொழிபெயர்க்கட்டும். முதலாம் ஆண்டு மாணவர் கையில் முதலில் கொடுக்கும் நூல் அதுவாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சட்டத்தரணி,
யாழ்ப்பாணம்