சொட்டு மருந்தோடு அனுப்பிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பரா பார்க்கிறேன். தாய்மார் கொழுந்துக்குப் போனால் பின்னேரம் வரை பிள்ளைகள் என் பொறுப்பு. கண் நோய் எங்களுக்குப் புதிதல்ல. ஒரு பிள்ளைக்கு வந்தால் காம்பரா முழுக்கச் சுற்றும், பீளை தள்ளும், பிறகு ஆறிவிடும்.

போன மழைக்காலத்தில் நாலு வயதுச் சிறுமி ஒருத்திக்கு வந்தது அந்த மாதிரி இல்லை. பீளை இல்லை, உறுத்தல் இல்லை, வேறு யாருக்கும் தொற்றவுமில்லை. விழியின் வெள்ளையில் ஓர் ஓரம் மட்டும் வெற்றிலைச் சாறு பட்டதுபோல் இரத்தம் கட்டி நின்றது. கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளிறிக் கிடந்தது. சுவரில் ஒட்டிய யானைப் படத்தைக் கழுத்தைச் சாய்த்துத்தான் பார்த்தாள். விழாமலே காலில் அங்கங்கே நீலம் பூத்திருந்தது.

டிஸ்பென்சரியில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். முடிந்ததும் இன்னொரு போத்தல். (பாட்டி தாய்ப்பால் விடச் சொன்னது தனிக் கதை.) கடைசியில் ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் கண்மணி விரிய மருந்து விட்டுப் பார்த்த டாக்டரம்மா, விழித்திரையிலும் இரத்தம் கசிந்திருப்பதைக் கண்டு அப்போதே இரத்தம் எடுக்கச் சொன்னார். இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லட் அணுக்கள் படுமோசமாகக் குறைந்திருந்தன. கண்டிக்கு அனுப்பி, அங்கிருந்து மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு. இரத்தப் புற்றுநோய்.

எலும்புக்குள்ளே இரத்த அணுக்கள் உண்டாகும் மச்சையைப் புற்றணுக்கள் நிரப்பிவிட்டால் பிளேட்லட்டும் சிவப்பணுவும் குறைந்துவிடுமாம். கண்ணின் மெல்லிய நாளங்களில் இரத்தம் கசிவது அதனால்தான். சில பிள்ளைகளுக்குக் கண் முன்னே தள்ளும், புதிதாக மாறுகண் வரும். சிவந்த கண்ணெல்லாம் இது என்று யாரும் பதற வேண்டாம், மிக அரிதுதான். ஆனால் பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காண்பது இரத்தப் புற்றுநோய். அதில் முக்கிய வகை 2 முதல் 5 வயதில்தான் கூடுதலாக வருகிறது. நேரத்தோடு பிடித்தால் நிறையப் பிள்ளைகள் சுகமாகிறார்கள்.

டெங்கு என்று சந்தேகம் வந்தால் உடனே இரத்தம் பார்க்க அனுப்புகிறோம், இல்லையா? கண்ணில் இரத்தம் கட்டி, பிள்ளை வெளிறி, உடம்பில் நீலமும் விடாத காய்ச்சலும் இருந்தால் அதையே செய்ய என்ன தடை? டிஸ்பென்சரியில் சோதிக்க வசதியில்லை, சரி. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதலாமே. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை; தாயை மறிப்பது பஸ் காசும், அன்றைக்குப் போய்விடும் பேரும் (நாட் சம்பளமும்) தான். துண்டோடு போகிற தாய்க்கு அரைப் பேராவது போட நிர்வாகங்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
பிள்ளைக் காம்பரா ஆயா ஒருவர்,
மஸ்கெலியா.