வெளுத்துப்போன ரோடாப்சினுக்குத் தரச் சான்றிதழ் எதற்கு?

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்களிடம் வாங்கிய நானோடிஸ்க் ரோடாப்சின் (கண்ணில் வெளிச்சத்தைப் பிடிக்கும் புரதம், சிறு கொழுப்புச் சவ்வு வட்டில் பதித்தது) பற்றி நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வந்தது: தரச் சான்றிதழின்படி எல்லாம் சரி. அந்தச் சான்றிதழைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் படம் இருக்கிறது, புரதத்தின் அளவு இருக்கிறது, டிஸ்க்கின் விட்டம் சுமார் 10 நானோமீட்டர் என்று இருக்கிறது. இந்தப் புரதம் வெளிச்சத்தைப் பிடிக்குமா என்பது மட்டும் எங்கேயும் இல்லை. நான் வாங்கியதே அதற்காகத்தான்.

பெட்டி வந்தபோது டிரை ஐஸ் நிறைய இருந்தது, சீல் பிரியவில்லை, அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இருட்டறையில் மங்கலான சிவப்பு விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு திறந்தேன். மூன்று ட்யூபுகளும் நிறமில்லாத பிளாஸ்டிக், ஃபாயில் சுற்றவில்லை, இருட்டில் திறக்கவும் என்று ஒரு வரிகூட இல்லை. பார்த்ததுமே திக்கென்றது.

ஒன்றை ஐஸில் வைத்து உருக்கி, எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் எடுத்தேன். நீங்கள் எழுதியிருப்பது மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் ரோடாப்சின், அதாவது ஏறக்குறைய 25 மைக்ரோமோலார். அப்படியானால் 1 செ.மீ. குவெட்டில் 500 நானோமீட்டரில் உறிஞ்சல் 1.0-ஐ ஒட்டி வரவேண்டும். எனக்கு வந்தது 0.2, கூடவே 380 பக்கத்தில், வெளுத்தால் மேடு வரும் இடத்தில், ஒரு பெரிய மேடு. புரதத்தைக் காட்டும் 280-இல் வந்த அளவு சரியாகவே இருந்தது (டிஸ்க்கைச் சுற்றியிருக்கும் பட்டைப் புரதத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறேன்). அதாவது புரதம் இருக்கிறது, அதன் நிறம் போய்விட்டது.

வழியில் சூடாகிக் கெட்டிருக்குமோ என்று உங்கள் சார்பிலும் யோசித்தேன். அதனால் இருட்டிலேயே புதிதாக 11-சிஸ் ரெட்டினால் (ரோடாப்சினுக்குள் இருந்து வெளிச்சத்தைப் பிடிக்கும், அதற்கு நிறம் தரும் சிறு மூலக்கூறு) சேர்த்துவைத்து மறுபடி அளந்தேன். 500-இல் 0.7 வரை ஏறியது! சூட்டில் குலைந்த புரதம் இப்படித் திரும்பி வராது. மடிப்பு குலையாமல் ரெட்டினாலை மட்டும் இழந்த ஆப்சின்தான் வரும். ஆகவே இது வெளிச்சம் பட்டு வெளுத்ததுதான். மூடிய பெட்டிக்குள் வெளிச்சம் போக வழியில்லை, என் அறையிலும் படவில்லை. மிச்சமிருப்பது நீங்கள் ட்யூபில் நிரப்பி, உறையவைத்து, பெட்டியில் அடுக்கிய நேரம்தான்.

உறைந்த நிலையில் வெளிச்சம் பட்டால் ஒன்றும் ஆகாது என்று உங்கள் தொழில்நுட்ப உதவியாளர் எழுதியிருந்தார். தயவுசெய்து அதை இன்னொரு வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள். ரெட்டினால் வளைந்த வடிவத்திலிருந்து நீண்ட வடிவத்துக்கு மாற ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குகூட வேண்டாம். திரவ நைட்ரஜனின் குளிரிலும், மைனஸ் 196 டிகிரியில், அந்த மாற்றம் நடக்கிறது. குளிரில் அடுத்த கட்டங்கள்தான் நின்றுபோகும், உருக்கியதும் மிச்சமும் நடந்து முடிந்துவிடும். பாக்டீரியோரோடாப்சின் (நுண்ணுயிரிகளில் இருக்கும், ரெட்டினால் கொண்ட புரதம்) என்றால் பரவாயில்லை, வெளிச்சம் பட்டாலும் தானே பழைய நிலைக்குத் திரும்பிக்கொள்ளும். கண்ணின் ரோடாப்சின் அப்படித் திரும்பாது, ஒருமுறை வெளுத்தால் புது ரெட்டினால் கொடுத்தால்தான் உண்டு. இரண்டையும் விற்கும் நீங்கள் இரண்டையும் ஒரே மாதிரி அடைத்து அனுப்புகிறீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

சரி, ஜெல்லுக்கு வருகிறேன். வெளுத்த ரோடாப்சினும் வெளுக்காததும் ஜெல்லில் ஒரே இடத்தில்தான் ஓடும். புரத அளவு சோதனைக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த இரண்டை வைத்துக்கொண்டு தரம் சரி என்பது, பல்பின் கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு எரியும் என்று சொல்வது போலத்தான். இருட்டில் ஒரு ஸ்பெக்ட்ரம், வெளிச்சம் காட்டியபின் ஒன்று, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அரை மணி நேர வேலைகூட இல்லை. இந்தச் சோதனைக்காக நான் தயாரித்த டிரான்ஸ்டியூசின் (வெளிச்சம் பட்ட ரோடாப்சின் தூண்டிவிடும் புரதம்) முழுக்க வீணானது, அதற்கு இரண்டு வாரம் உழைத்தேன்.

எனக்கு வேண்டியது: ஃபாயில் சுற்றிய புது ட்யூபுகள், அந்தப் பேட்ச்சுக்கே எடுத்த ஸ்பெக்ட்ரத்தோடு. அது முடியாது என்றால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். அப்புறம், இதே பேட்ச்சை வாங்கிய மற்றவர்களுக்கு இன்றே எழுதுங்கள். தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு யாரோ ஒரு மாணவர் இதே சோதனையை மறுபடி மறுபடி செய்துகொண்டிருக்கலாம்.

என் ஸ்பெக்ட்ரங்களை இணைத்திருக்கிறேன். திறக்காத இரண்டு ட்யூபுகளும் ஃபாயில் சுற்றி மைனஸ் 80 ஃப்ரீசரில் இருக்கின்றன, கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.