பெடல் ஒலியைக் கூட்டுவதற்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் ஸ்டீல் கிட்டார் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். ஹவாய்த் தீவில் ஜோசப் கெகுகு தந்திமேல் இரும்பை வைத்து இழுத்த கதையும், ரிக்கன்பேக்கரின் வாணலி வடிவ மின்கிட்டார் கதையும் நன்றாகவே இருந்தன. ஆனால் நான்கு பெடல் வைத்த பழைய கருவியின் படத்துக்குக் கீழே, 'காலால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெடல்கள்' என்று அச்சிட்டிருந்தீர்கள். அது தவறு. ஒலி அளவுக்கு என்று தனியாக ஒரு பெடல் வலது காலடியில் கிடக்கும். படத்தில் உள்ள நான்கும் தந்தியின் சுருதியை மாற்றுபவை.

நான் திருச்சியில் 32 ஆண்டுகள் டைப்ரைட்டர் பழுதுபார்த்தவன். சங்கீத ஞானம் எனக்கு அவ்வளவாகக் கிடையாது. கம்பியும் நெம்புகோலும் தெரியும். 2019இல் இண்டியானாபொலிஸில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர் கார் ஷெட்டில் ஃபெண்டர் 400 என்ற பெடல் ஸ்டீல் கிட்டார் ஒன்று வைத்திருந்தார். 1950களின் கடைசியில் சந்தைக்கு வந்த ரகம். எட்டுத் தந்தி, நான்கு பெடல். அதில் ஒரு பெடல் மட்டும் மிதித்தால் தொளதொளவென்று போனது.

இந்தப் பெடல்களுக்கு என்ன தேவை என்று அவரிடம் கேட்டேன். தந்திமேல் வைத்து நகர்த்தும் இரும்பு உருளையைக் காட்டினார். இரும்பு நேராகத்தான் இருக்கும், விரல் மாதிரி வளையாது. அதனால் தந்திகளை எப்படிச் சுருதி கூட்டியிருக்கிறோமோ அந்தக் கூட்டொலிதான் (கார்டு) மேலும் கீழும் நகரும் என்றார். நம் கோட்டுவாத்தியக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் கட்டையை ராகத்தின் வழியே ஓட்டுகிறார், கார்டு அவருக்கு வேண்டாம். மேற்கத்தியருக்கு வேண்டும். அதற்காக ஒரே மேசையில் இரண்டு, மூன்று, நான்கு கழுத்துகளை, அதாவது தனித்தனித் தந்தி வரிசைகளை, அடுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு சுருதியில் வைத்தும் பார்த்தார்கள். பெடலை மிதித்தால் தந்தியின் சுருதியே மாறட்டும் என்பது இன்னொரு வழி.

அந்த வழியிலும் ஆளுக்கொரு யோசனை. 1939 வாக்கிலேயே கிப்சன் நிறுவனம் எலக்ட்ராஹார்ப் என்று ஒன்றைச் செய்து, பெடல்களைக் கருவியின் ஒரு காலைச் சுற்றி விசிறிபோல் பொருத்தியது. எபிஃபோன் நிறுவனம் பெடல் வேண்டாம் என்று கையால் தள்ளும் நெம்புகோல்களை வைத்தது. நான் தங்கியிருந்த இண்டியானாபொலிஸிலேயே ஹார்லின் சகோதரர்கள் மல்டி-கார்டு என்ற பெடல் கருவியைச் செய்து விற்றிருக்கிறார்கள். பின்னர் வந்த எம்மன்ஸ் நிறுவனத்தின் கருவியில் சுருதி ஏற ஒரு கம்பி இழுக்கும், இறங்க ஒரு கம்பி தள்ளும். இந்த இழு-தள்ளு முறை சரிசெய்யப் பாடாய்ப்படுத்தும்; ஆனாலும் அதன் நாதத்துக்காக இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

ஃபெண்டர் ஆட்கள் கம்பியை விட்டுவிட்டு இரும்புவடத்தைப் பிடித்தார்கள். அந்த 400ஐக் கவிழ்த்துப் போட்டபோதுதான் எனக்கு அது பிடித்துப்போனது. பெடலிலிருந்து வடம் கிளம்பி, சிறு கப்பிகளில் திரும்பி, தந்தி முடியும் இடத்துக்கு அடியில் ஒரு கொக்கியில் மாட்டுகிறது. கொக்கியை மாற்றி மாட்டினால் அதே பெடல் வேறொரு தந்தியை இழுக்கும். அறுந்திருந்தது வடத்தின் கடைசி வளையம். டைப்ரைட்டரில் கேரியேஜை இழுக்கும் பட்டை அறுவது போலவே, வளையும் இடத்தில் இழை இழையாகப் பிரிந்திருந்தது. சைக்கிள் பிரேக்கின் உள்கம்பியை வெட்டி வளையம் கட்டினேன். முதல் நாள் மிதித்ததில் கம்பி நீண்டு, தந்தி போகவேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. மறுநாள் அரை சுற்று முறுக்கினேன். அதன் பிறகு நகரவில்லை.

பெரியவர் வாசித்தபோது கவனித்தேன். இரும்பு அசையவில்லை. இரண்டு தந்தி ஒரே இடத்தில் ஒலிக்க, ஒன்று மட்டும் அழுகிற குரல்போல் ஏறி இன்னொன்றுடன் சேர்ந்தது. 1954இல் அமெரிக்கப் பாடகர் வெப் பியர்ஸ் பாடி வெளிவந்த 'ஸ்லோலி' பாட்டில் ஸ்டீல் கிட்டார் வாசித்த பட் ஐசக்ஸ் செய்தது இதுதானாம்: தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதித்தார். கேட்ட வாத்தியக்காரர்கள் எல்லோரும் தங்கள் கருவிக்குப் பெடல் மாட்ட ஓடியிருக்கிறார்கள். ஐசக்ஸ் ஒரே பெடலில் செய்ததைப் பட்டி எம்மன்ஸ் என்ற இன்னொரு வாத்தியக்காரர் இரண்டு பெடலாகப் பிரித்தார். இன்று வாசிப்பவர்களின் இடது கால் அந்த இரண்டின்மேல்தான் கிடக்கிறது.

ஊர் திரும்பும் முன் அங்கே ஒரு பழைய பொருள் கடையில் இதே ரகக் கருவி ஒன்றைப் பார்த்தேன். காலும் பெடலும் வடமும் கழற்றி எறியப்பட்டிருந்தன. மடியில் வைத்து வாசிக்கும் கிட்டார் என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். மேற்பலகையை மட்டும் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள்.

படத்தின் குறிப்பைத் திருத்திப் போடுங்கள். மறுபடி இதுபற்றி எழுதினால், புகைப்படக்காரரிடம் கருவியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டைப்ரைட்டர் மெக்கானிக்,
தென்னூர், திருச்சி