அந்த நீலக் கோட்டு

பாண்டுங், இந்தோனேசியா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, மாமா, பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே?

போட்டோவில் நான் போட்டிருந்த நீலக் கோட்டு எங்கே வாங்கியது என்று கேட்டிருந்தாய். இங்கே மலைப்பக்கம் என்பதால் ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது குளிர் நடுக்கும். வந்த புதிதில் கூட வேலை பார்க்கிறவன் கெடேபாகே சந்தைக்குக் கூட்டிப்போனான். சிமோல் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டுக்காரர்கள் உடுத்திக் கழித்த துணி மூட்டை மூட்டையாக வரும் இடம். மூட்டைக்குப் பெயர் 'பால்ப்ரெஸ்'. கட்டை அறுத்ததும் துணி பொங்கிச் சரிந்தது, கூடவே ஒரு புழுங்கின வாடை. முந்துகிறவனுக்கு நல்லது கிடைக்கும். என் கோட்டுப் பையில் கொரிய எழுத்தில் ஒரு கசங்கிய ரசீது கிடந்தது!

அப்புறம்தான் தெரிந்தது, இதெல்லாம் கடத்தல் சரக்காம். 2014 வர்த்தகச் சட்டப்படி வெளிநாட்டிலிருந்து புதுச் சரக்கைத்தான் இறக்க வேண்டும்; மீறினால் 5 வருடம் வரை சிறை, 500 கோடி ரூபியா வரை அபராதம். பழைய துணிக்கென்றே 2015இல் தனித் தடை வேறு. 2023 மார்ச்சில் சுமத்ராவின் பெக்கன்பாருவில் வர்த்தக அமைச்சரே முன்னால் நின்று 730 மூட்டைகளை எரித்தார். ஆனாலும் மலாக்கா நீரிணையோரச் சின்னத் துறைகள் வழியாக வந்துகொண்டேதான் இருக்கிறது. அந்த வழிகளை 'எலிப்பாதை' என்கிறார்கள். பொருத்தமான பெயர்தான்.

எங்கள் மில்லில் மூன்று ஷிப்ட் இரண்டாகிவிட்டது. எங்கள் நூலை எடுத்துக்கொண்டிருந்த மஜலாயாவில் பல தறிகள் நின்றுவிட்டன. யாரோ இனாமாகப் போட்ட சட்டைக்குப் பஞ்சு விலை உண்டா, நெசவுக் கூலி உண்டா? தரம் பிரித்துக் கட்டுகிற செலவும் கப்பல் வாடகையும்தான். அதோடு மோதி நாங்கள் எங்கே ஜெயிப்பது? 2025 மார்ச்சில் ஸ்ரீடெக்ஸ் என்ற பெரிய ஜவுளிக் கம்பெனி மூடி பத்தாயிரம் பேருக்குமேல் வேலை போனது. அது பெரிதும் கடன் கதை, பழைய துணிமேல் மட்டும் பழி போட முடியாது. ஆனால் அன்றைக்கு எங்கள் கேன்டீனில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

சிமோல் வியாபாரிகளும் சும்மா புலம்பவில்லை. சீனாவிலிருந்து மலிவாக வந்து குவிகிற புதுத்துணியை விட்டுவிட்டு எங்களைப் பிடிக்கிறார்களே என்கிறார்கள். கடைக்காரனை விரட்டுவதைவிட, மூட்டையை இறக்குகிற பெரிய ஆளைப் பிடிப்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

சரி, கோட்டு விஷயம். இன்னும் அதைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். மேனேஜர் ஒருநாள் தடவிப் பார்த்துவிட்டு எங்கே வாங்கினாய் என்றார். ஊரிலிருந்து அக்கா அனுப்பியது என்று சொல்லிவிட்டேன். போனில் பேசும்போது அவர் பக்கத்தில் இருந்தால் நீயும் அப்படியே சொல்லிவிடு.

உன் தம்பி